இருக்கிறன் சேர்!

"நிக்கலஸ்!"

"இருக்கிறன் சேர்!"

ஆட்களின் பெயர் பதிந்த டாப்பில் ஒரு கோடு விழுந்தது. மனேஜர் ஸ்ரீஸ்கந்தராசா தலையை நிமிர்த்தாமலே அடுத்த பெயருக்குப் போனார்.

சங்கிலி மட்டும் திடுக்கிட்டான். நிக்கலஸ் இங்கே இல்லை. ஐஸ் ஃபக்டரியின் மெஷின் ரூமுக்குள், அமோனியா காஸ் பட்டு மயங்கி விழுந்தவனாக நடித்துப் படுத்துக் கிடக்கிறான். அவன் குறைகிறான் என்று கண்டுபிடித்து, உள்ளே போய்த் தூக்கி வருவதற்குத்தான் இந்தச் சைரன், இந்த ஓட்டம், இந்த ஒத்திகை எல்லாம்.

அப்படியென்றால் 'இருக்கிறன்' என்று சொன்னது யார்?

குரல் பக்கத்திலிருந்துதான் வந்தது. மிகவும் பக்கத்திலிருந்து. சங்கிலி நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தான். தன் வாய்தான் முந்திக்கொண்டதோ?

இருக்கும். கொழும்பு முகத்துவாரத்தில் கூலி வேலைக்கு வந்தவனுக்குக் கையோடு வருகிற பழக்கம் அது. ஒருத்தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போயிருப்பான். இன்னொருத்தனுக்கு வயிறு சரியில்லாமல் இருக்கும். பெயர் கூப்பிடும்போது பக்கத்தில் நிற்கிறவன் குரல் கொடுப்பான். நாளைக்கு அவனுக்கு இவன். கூப்பிடுகிறவர் தலை நிமிர்ந்து பார்த்தால்தானே முகம் தெரியும்? சங்கிலி நிக்கலஸுக்காகச் சொன்ன 'இருக்கிறன்' எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு லொறி கொள்ளாது.

"ஒராளும் குறையேல்லை மிஸ்!" மனேஜர் டாப்பை மூடினார். முகம் பூரித்திருந்தது.

ஒத்திகையைப் பார்த்துப் புள்ளி போட அரசாங்கத்திலிருந்து வந்த அருந்ததி மிஸ் குடையைப் பிடித்தபடி தலையாட்டினாள். நல்லதென்றும் இல்லை, கெட்டதென்றும் இல்லை. அவளுடைய வான் ட்ரைவர் வெயிலுக்கு ஒதுங்கித் தண்ணீர்த் தாங்கியின் நிழலில், சங்கிலி நின்ற வரிசைக்குப் பின்னால் நின்று கடலை கொறித்துக்கொண்டிருந்தான். வாசலில் கொடுத்த மஞ்சள் தொப்பி அவன் தலையிலும் இருந்தது.

போன முறை ஒத்திகை நாறிப்போனது. சைரன் அடித்ததும் பாதிப் பேர் தேத்தண்ணி நேரம் என்று நினைத்துக் கன்டீனுக்குப் போய்விட்டார்கள். இந்த முறையும் பிழைத்தால் ஃபக்டரிக்குச் சீல் என்று மிஸ் சொல்லியிருந்தாள். சீல் வைத்தால் மனேஜர் வெள்ளவத்தை வீட்டில் ஃபானுக்குக் கீழே இருப்பார். நாட்கூலிக்காரன் அடுப்பு எப்படி எரியும்?

அதனால்தான் மனேஜர் காலையில் சங்கிலியைக் கூப்பிட்டு, மெஷின் ரூமில் கிடந்த சாக்குகளில் அமோனியாத் தண்ணி ஊற்றச் சொன்னார்.

"மிஸ்ஸுக்கு உண்மையான மணம் வரவேணும், விளங்குதே?"

சங்கிலி பயந்து பயந்து கொஞ்சமாக ஊற்றினான்.

"என்ன ஐசே, உன்ட வீட்டுப் பூச்செடிக்கே ஊத்துறாய்? நல்லா ஊத்து!"

அதற்குள்தான் நிக்கலஸ் படுக்கப்போகிறான் என்பது மனேஜருக்குத் தெரியாது. அவனை மிஸ் இரகசியமாகத் தெரிந்தெடுத்து, ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். நிக்கலஸ் மெஷின் ரூமுக்கு ஓடுகிற ஓட்டத்தில் சங்கிலியின் காதில் மட்டும் போட்டுவிட்டு, அவன் வாய் திறக்குமுன் மறைந்துவிட்டான். சாக்கு விஷயம் மிஸ்ஸுக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே மனிதன் சங்கிலி. சத்தமாகச் சொன்னால் டாப்பு பொய் என்று மிஸ்ஸுக்குத் தெரிந்துவிடும், ஃபக்டரிக்குச் சீல்.

மெஷின் ரூம் பக்கமிருந்து 'டங்' என்று ஒரு சத்தம். காவல்காரர் தாஸிம் இரும்புக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிறார். எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள் என்றால் காஸ் பரவாமல் கதவைச் சாத்த வேண்டும். சட்டம் அது.

சங்கிலி ஓரடி முன்னால் வந்தான்.

"சேர்..." என்று கையைத் தூக்கினான்.

"சத்தம் போடாதே! மிஸ் பாக்கிறா."

"சேர், ஒண்ணுக்குப் போக வேணும்."

"ஒத்திகை முடியுமட்டும் அடக்கு!"

மிஸ் குடைக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னாள். "எதுக்கும் இன்னொருக்காக் கூப்பிடுங்கோ."

"ஓம் மிஸ், தாராளமா!" மனேஜர் மறுபடி டாப்புக்குள் தலையைக் கவிழ்த்தார்.

சங்கிலி பக்கத்தில் நின்ற ரொஷானின் காதில் குனிந்தான். "மச்சான், நிக்கலஸ் உள்ளுக்குக் கிடக்கிறான். நான் போய்த் தூக்கியாறன். என்ட பேர் கூப்பிட்டா நீ சொல்லு."

"அது சொல்லவும் வேணுமே?" என்றான் ரொஷான்.

சங்கிலி குனிந்து ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் நழுவினான்.

மெஷின் ரூம் வாசலில் தாஸிம் கதிரையைப் போட்டுக் கதவை மறித்து உட்கார்ந்திருந்தார்.

"கதவைத் திறங்க நானா! நிக்கலஸ் உள்ளுக்கு!"

"பைத்தியமா புடிச்சிருக்கு? எல்லாரும் முற்றத்தில ஈக்கிறாங்க எண்டு மனேஜரே சொன்னாரு."

"நான் சொல்றன், அவன் அங்க இல்ல!"

அந்த நேரம் பார்த்து முற்றத்திலிருந்து மனேஜரின் குரல் கணீரென்று வந்தது. "சங்கிலி!"

"இருக்கிறன் சேர்!"

தாஸிம் முற்றத்தைப் பார்த்தார். பிறகு எதிரே நின்றவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ அங்க ஈக்கிறியே. அப்ப இங்க நிக்கிறது ஆரு?"

பேச நேரமில்லை. கதவின் கீழ் இடுக்கால் வந்த காரம் சங்கிலியின் கண்ணைப் பிடித்தது. தாஸிமைக் கதிரையோடு தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்தான். கதவு திறந்ததும் முகத்தில் அறைந்ததுபோல் அடித்தது மணம்.

"யா அல்லாஹ்!" தாஸிம் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்.

சங்கிலி சட்டையைக் கழற்றி வாளித் தண்ணீரில் தோய்த்து முகத்தில் கட்டினான். உள்ளே கண்ணைத் திறக்க முடியவில்லை. சுவரைத் தடவித் தடவிப் போனான். கம்பிரஸருக்குப் பின்னால் கால் ஒன்று தட்டுப்பட்டது.

"நிக்கலஸ்!"

சங்கிலி அந்தக் காலைப் பிடித்து உலுக்கினான். அசைவில்லை.

தானே ஊற்றிய தண்ணி. தன் வாயே மூடிய கதவு. றோஸியக்காவிடம் போய், உன் புருஷனைக் கொன்றது நான்தான் என்று எந்த முகத்தோடு சொல்வது?

"டேய் நிக்கலஸ்! எழும்படா!"

கீழேயிருந்து நசுங்கிய குரல் வந்தது. "ஸ்ட்ரெச்சர் எங்க?"

"ஸ்ட்ரெச்சருமில்லை, ஒரு கோதாரியுமில்லை! எழும்பு!"

"ஏலாது. தூக்க வருமட்டும் அசையக்கூடாதெண்டு மிஸ் சொன்னவ."

கொட்டாஞ்சேனையில் இயேசுவின் பாடுகளைப் பாஸ்கு நாடகமாகப் போட்டால் அடிபட்டு விழுகிற சேவகன் வேஷம் நிக்கலஸுக்குத்தான். திரை விழும்வரை எறும்பு கடித்தாலும் அசையமாட்டான். அந்தப் பெருமையில்தான் இப்போதும் மூக்கால் ஒழுக ஒழுகக் கிடந்தான்.

"இது உண்மையான அமோனியா, மடையா! நான்தான் ஊத்தினனான்!"

"நீயே?" நிக்கலஸ் ஒரு கண்ணைத் திறந்தான். அதற்குமேல் பேச முடியாமல் இருமல் பிடித்துக்கொண்டது. இழுத்து இழுத்து இருமினான். இது நடிப்பில்லை.

சங்கிலி அவனைக் கோதுமை மா மூட்டைபோல் முதுகில் போட்டுக்கொண்டு வாசலைத் தேடினான். கால் தடுமாறியது. முழங்கால் இரும்பில் மோதியது. எந்தப் பக்கம் கதவு என்று தெரியாமல் நின்றபோது, வெளியே தாஸிம் போட்ட கூச்சல்தான் வழி காட்டியது.

முற்றத்தில் மனேஜர் டாப்பை இரண்டாந்தரம் மூடிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"ரெண்டு தரம் கூப்பிட்டாச்சு மிஸ். ரெண்டு தரமும் ஒரு குருவிகூடக் குறையேல்லை. எல்லாரும் இந்த முற்றத்திலதான்..."

அந்த நேரம் ஐஸ் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு, வெறும் மேலோடு சங்கிலி வந்தான். முதுகில் நிக்கலஸ். இருவர் கண்ணும் செத்தல் மிளகாய் நிறம்.

மிஸ் குடையை மடக்கினாள். ஓடி வந்து இருவரையும் காற்றுப் பக்கம் உட்காரவைத்து, முகத்தில் தண்ணீர் ஊற்றச் சொன்னாள். சங்கிலி சாக்கு விஷயத்தைச் சொல்ல, நிக்கலஸ் மூச்சு வாங்கி, "நான் அசையேல்லை மிஸ்" என்று சொன்ன பிறகுதான் அவள் மனேஜர் பக்கம் திரும்பினாள்.

"உங்கட டாப்பின்படி இவை ரெண்டு பேரும் ஆர்?"

மனேஜர் மூடிய டாப்பை மறுபடி திறந்து பார்த்தார்.

"சாக்கில அமோனியா ஊத்தச் சொன்னதைப் பற்றிப் பிறகு கதைப்பம்," என்றாள் மிஸ். "டாப்பு ஃபெயில். ஆனா உள்ளுக்கு ஆள் கிடக்கெண்டு ஒராள் தேடிப்போயிருக்கிறார். அதுக்காகச் சீல் வைக்கேல்லை. அடுத்த மாதம் திரும்ப வருவன்."

பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஆனால் மனேஜருக்கு வெட்கம் கோபமாகத் திரும்பியது. டாப்பைத் தூக்கி ஆட்டினார்.

"நிக்கலஸுக்குக் குரல் குடுத்தவன் ஆர்? அவன்ட கணக்கை இண்டைக்கே முடிச்சு வீட்டை அனுப்புவன்!"

சங்கிலி கண்ணைத் துடைத்துக்கொண்டான். சீலிலிருந்து ஃபக்டரி தப்பிவிட்டது, தான் தப்பவில்லை. மெல்லக் கையைத் தூக்கினான்.

"முதல் தரம் நானாயிருக்கும் சேர். வாய் தன்ட பாட்டில சொல்லியிருக்கும்."

"ரெண்டாந்தரம் நானாயிருக்கும் சேர்," என்று ரொஷான் கையைத் தூக்கினான். "சங்கிலிக்குச் சொன்னது நிச்சயம் நான்தான். அந்தக் கையோட இவனுக்கும் சொல்லியிருப்பன்."

தரையில் இருந்த நிக்கலஸ் இருமிக்கொண்டே தானும் கையைத் தூக்கினான். "நானாயும் இருக்கலாம் சேர். உள்ளுக்குக் கிடக்கேக்க என்ட பேர் கேட்டது."

"மூண்டு பேரும் வீட்டை போங்கோ!" மனேஜர் கத்தினார். "மூண்டு பேரும்!"

தண்ணீர்த் தாங்கியின் நிழலிலிருந்து வான் ட்ரைவர் கடைசிக் கடலையை வாயில் போட்டுக்கொண்டு, மஞ்சள் தொப்பியைக் கழற்றியபடி முன்னால் வந்தான்.

"அவங்களை விடுங்க சேர், போற போற இடமெல்லாம் உள்ளுக்குக் கிடக்கிற ஆளுக்கு 'இருக்கிறன்' எண்டு சொல்லத்தான் மிஸ் என்னைக் கூட்டியாறது, என்னை நீங்க இப்ப வீட்டை அனுப்பினா, மிஸ்ஸின்ட வானை ஆர் ஓட்டுறது?"