உறைகுளிரில் ஓர் இரைச்சல்

இனாயத் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி, லிஃப்ட்டின் மெயின் ஸ்விட்சை அணைத்தார்.

"இங்கேயே நில்லு காதர். நான் சொல்ற வரைக்கும் யாரும் இதைத் தொடக் கூடாது."

"உள்ள யாரோ கீறாங்க போல சார்" என்றார் டெக்னீஷியன் காதர்.

"இருக்கட்டும்" என்று மறுபடி மாடிக்கு ஓடினார் இனாயத்.

மாடியில், அடையாற்றின் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில், திரை முழுக்கப் புல் முளைத்தது போல இரைச்சலின் கோடுகள். குவாண்டம் கணினியின் முணுமுணுப்பு அத்தனை மெலிது. அதைப் பெரிதாக்கித் தரும் ஆம்ப்ளிஃபயர், தன் பங்குக்கு இரைச்சல் சேர்க்கக் கூடாது. அப்படி ஓர் ஆம்ப்ளிஃபயரைச் செய்துவிடலாம். ஆனால் கணினி பெரிதாக வேண்டுமானால் பதினாறு ஆம்ப்ளிஃபயர்களை ஒரே சிப்பில் அடைக்க வேண்டும். அங்கேதான் எல்லோரும் திணறினார்கள். கூடத்தில் அதற்கு இரண்டு டிசைன்கள் இருந்தன. ஒன்று இனாயத்துடையது. ஓய்வு பெறுமுன் அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை. மற்றது அவருக்கு ஜூனியரான சாய்மாவுடையது. தேறுகிற டிசைன்தான் தொழிற்சாலைக்குப் போகும்.

அட்டவணைப்படி முதல் முறை சாய்மாவுக்கு. மகளின் நிக்காஹ்வுக்காக இனாயத் லீவில் இருந்த வாரத்தில், காதர் சிப்பைச் செப்புப் பெட்டியில் மூடி, எல்லோரும் ஃப்ரிட்ஜ் என்று அழைக்கும் ஆளுயரக் குளிர்கலனுக்குள் பூட்டிவிட்டிருந்தார். இன்று டைரக்டர் தணிகாசலம் பார்க்க வருகிற நாள்.

இரைச்சலைப் பார்த்ததும் இனாயத்துக்கு உள்ளூர ஓர் இனிப்பு. அதற்காகக் கொஞ்சம் வெட்கமும் பட்டார். சீனியர் கைகட்டி வேடிக்கை பார்த்தார் என்று நாளைக்கு யாரும் பேசிவிடக் கூடாதே. அதனால்தான் இந்த ஓட்டம்.

லிஃப்ட் நின்றும் இரைச்சல் குறையவில்லை. அப்படியானால் ஏ.சி.தான் என்று அதையும் அணைத்தார். ஃப்ரிட்ஜுக்குக் குளிர்ந்த நீர் அனுப்பும் மோட்டாரும் அதே இணைப்பில் இருந்தது. ஃப்ரிட்ஜ் சூடேறத் தொடங்கியது, புல் புதரானது.

"விட்டுடலாம் சார்" என்றாள் சாய்மா. "திரும்பக் குளிர வச்சுப் பார்க்கலாம்."

"உன் நல்லதுக்குத்தாம்மா செய்றேன்."

சிப்புக்குப் போகும் மின்னோட்டத்தைக் கொஞ்சம் கூட்டினார். ஓரத்து ஆம்ப்ளிஃபயர் செத்தது. அதைச் சரிக்கட்ட இன்னும் கூட்டினார். மற்றவையும் ஒவ்வொன்றாக அதன் பின்னாலேயே போயின.

அந்த நேரம் பார்த்துத்தான் சட்டை நனைய உள்ளே நுழைந்தார் தணிகாசலம். லிஃப்ட்டுக்குள் இருந்தது அவர்தான். கதவை நெம்பி வெளியே எடுத்திருந்தார்கள்.

"யாரோட டிசைன் இது?"

சாய்மா வாயைத் திறந்து, இனாயத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

"சாய்மாவோடது சார்" என்றார் இனாயத். "அடிப்படையே கோளாறு. இது தேறாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்."

அந்த டிசைனை இத்தோடு மூட்டை கட்டச் சொன்னார் தணிகாசலம். அடுத்து இனாயத்துடையதைப் போடலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். சாய்மா பையை எடுத்துக்கொண்டு தி.நகர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

ஜன்னல் வழியே பார்த்தார் இனாயத். பஸ் ஸ்டாப்பில் நின்று துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பதினாறையும் சாகடித்தது தன் கைதானே என்று பட்டது அவருக்கு. அதையாவது சொல்லியிருக்கலாம். கூப்பிடலாம் என்று நினைப்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

"இப்பவாவது லிஃப்ட்டைப் போட்டுடட்டா சார்?" என்று வந்து நின்றார், அதுவரை கீழேயே ஸ்விட்சுக்குக் காவல் இருந்த காதர்.

"போடு. அப்புறம் காதர், அடுத்த முறை என் சிப் வேணாம். என் முறையை சாய்மாவுக்கே விட்டுக் குடுத்துடறேன். அவ டிசைன்லயே இன்னொரு சிப்பை மறுபடி உள்ளே வை. டைரக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

காதர் தலையைச் சொறிந்தார்.

"மறுபடியா? அவங்களுது இன்னும் அலமாரி டப்பாலயேதான் கீது சார். நீங்க ரிடையர் ஆவறதுக்குள்ள பார்த்துடணும்னு, அவங்க முறைல உங்களுதைத்தான் உள்ள வைக்கச் சொன்னாங்க."