யூபோனியத்துக்கு ஈயம் பூசிய விவரம்

திருவொற்றியூர்,
செவ்வாய்க்கிழமை இரவு.

மிகுந்த மரியாதைக்குரிய ஞானசிகாமணி மாமா அவர்களுக்கு, உங்கள் அக்காள் மகள் ஐரீன் நடுங்கிக்கொண்டே எழுதும் தோத்திரம். கர்த்தருடைய கிருபையால் இங்கே அப்பா, அம்மா, நான், ஆடு எல்லோரும் சுகம். உங்கள் பேண்டுக் குழலான யூபோனியத்துக்கு மட்டும் சுகமில்லை. தூத்துக்குடியில் நீங்கள் பார்க்கப் போன பெண் பிடித்திருந்தால் இதை இப்போதே வாசிக்கவும். பிடிக்கவில்லை என்றால் மனசு ஆறின பிறகு வாசிக்கவும்.

விஷயம் இதுதான். நீங்கள் உடனே அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். இந்தக் காலத்தில் பேண்டு வாசிக்கிறவர்கள் எல்லோரும் குழலுக்கு உள்ளே ஈயம் பூசித்தான் வாசிக்கிறார்கள், அது ரொம்ப நாகரிகம், என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் அப்பா என் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிடுவார்கள். என் ஆரோக்கிய சாஸ்திரப் புத்தகத்தில் முதல் பாடம் இப்போதே அப்பாவின் மளிகைக் கடையில் மிளகுப் பொட்டலமாகிவிட்டது. சனிக்கிழமை நீங்கள் வந்து குழலைக் கேட்டுச் சண்டை போட்டால், பூகோளத்தில் சீரகமும் சரித்திரத்தில் கடுகும் மடிக்கப் போவதாக அப்பா சொல்லியிருக்கிறார்கள். அம்மாவும் அப்பாவும் தூங்குகிறார்கள். அரிக்கேன் விளக்கைச் சின்னதாக வைத்து எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

நீங்கள் ரயிலேறும்போது, "அக்கா, சும்மா ஒரு துணியால துடைச்சு வை, சனிக்கிழமை ராயபுரத்துக் கலியாணத்துக்கு வாசிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அம்மாவுக்குச் சும்மா துடைக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியாதா மாமா? அம்மா குழலைக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போய், புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தார்கள். அது பளபளவென்று ஆகி, பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள் அக்கா அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டார்கள். பிறகு உள்ளேயும் அலசவேண்டும் என்று விரிந்த வாய் வழியாக ஒரு குடம் தண்ணீர் ஊற்றினோம். போன தண்ணீர் திரும்பவில்லை. கவிழ்த்தோம், சாய்த்தோம், நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஊஞ்சல் மாதிரி ஆட்டினோம். கொஞ்சம் தண்ணீரும், ஒரு கரப்பானும், போன கிறிஸ்துமஸில் காணாமல் போன உங்கள் கர்ச்சீப்பும் வந்தன. மீதித் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அமுக்குகிற மூன்று கட்டைகளுக்கும் தேங்காய் எண்ணெய் விட்டோம். அன்றைக்கே எறும்பு வந்தது.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் சொக்கம்மாள் அக்கா இன்னொரு தடவை முகம் பார்க்க வந்தவர்கள், அம்மாவிடம், "இன்னா சுகிர்தம், வாய் வைக்கிற எடத்துல பச்சையா கீது? களிம்பும்மா! இத்த வாயில வச்சிகினா மன்சன் இன்னாத்துக்கு ஆவான்?" என்று கேட்டுவிட்டார்கள். அம்மா என்னைப் பார்த்து, "ஏட்டி, உன் புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?" என்றார்கள். நான் புத்தகத்தை எடுத்து, ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் களிம்பு உண்டாகும், அது விஷமாகும், என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி நிறுத்தி நிறுத்தி உரக்க வாசித்தேன். என் குற்றம் இவ்வளவுதான் மாமா. அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு, "ஐயோ, அதான் என் தம்பிக்கு ஒடம்புல சதையே பிடிக்கலையா! அக்கா வீட்டுச் சோறு சரியில்லன்னுல்லா ஊர்ல பேசுதாளுவ! இத்தன வருசமா அவன் விசத்தையில்லா உறிஞ்சிருக்கான்!" என்று அழுதுவிட்டு, ஈயம் பூசுகிற பக்ருதீன் பாயைக் கூப்பிட்டுவர என்னை அனுப்பினார்கள்.

பாய் துருத்தியோடு வந்து அடுப்பு மூட்டிவிட்டுக் குழலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இன்னா பாத்திரம்மா இது? சோறு எங்க போடுவே, கொயம்பு எங்க ஊத்துவே?" என்றார்.

"இது பாத்திரம் இல்ல பாய், ஊதுற குழலு" என்றார்கள் அம்மா.

"ஊதுறதுக்கு இன்னாத்துக்கும்மா ஈயம்?"

"வாயில வைக்கதுதான? டம்ளர் வைக்கலையா, செம்பு வைக்கலையா?"

பாய் யோசித்தார். "உள்ள கைய வுட்டுப் பஞ்சால தேய்க்கணும். இதுல எலி பூந்தாக்கூட நாலு எடத்துல நின்னு வழி கேக்கணுமே!" என்றார்.

உடனே அம்மா, "எம் மவ படிச்சிருக்கா. அவ சொல்லுதா" என்று என்னைக் காட்டினார்கள். பாயும், "படிச்ச புள்ள சொன்னா செரி" என்றுவிட்டார். நான் ஒன்றும் சொல்லவே இல்லை.

பிறகு குழலைத் தீயில் காட்டி, ஈயம் ஒட்டுவதற்காக உள்ளே நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தை உருக்கி ஊற்றினார். காணாமல் போன தண்ணீர் அப்போது ஆவியாக வந்து அவருடைய தாடியை நனைத்தது. ஈயம் வளைவுகளில் ஓடவில்லை. ஓட வைக்க, துருத்தி மூக்கை வாய் வைக்கிற இடத்தில் சொருகி ஒரே மிதி மிதித்தார். மாமா, நீங்கள் இத்தனை வருஷம் வாசித்தும் அப்படி ஒரு சத்தம் வந்ததில்லை. அது எங்கள் தெருக்கோடிக் கம்பெனியின் மத்தியானச் சங்கு மாதிரியே நீளமாக ஊதியது. தெருவில் உள்ள பெண்கள் எல்லோரும், ஐயோ நேரமாகிவிட்டதே என்று பாதி வெந்த சோற்றைக் கேரியரில் அடைத்துக்கொண்டு கம்பெனி வாசலுக்கு ஓடினார்கள். ஆடுகூடக் கயிற்றை அறுத்துக்கொண்டு கஞ்சித் தொட்டிக்கு வந்துவிட்டது. அப்பா கடையைச் சாத்திவிட்டு வந்து, கை கழுவி, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஏளா, சோத்தப் போடு."

"இன்னும் உலையே வைக்கல."

"சங்கு ஊதிட்டாம்லா!"

"அது சங்கு இல்ல. என் தம்பி குழலு."

அப்பா வெறும் தட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். அதற்குள் சொக்கம்மாள் அக்கா திரும்பி வந்து, "வாச்மேன் சிரிக்கிறாம்மா! காலீல டீ குடிக்கிற டைமுல சோறு எட்தாந்து நிக்கிறியே, வூட்ல கடியாரம் இல்லியான்றான். எம் புருசன் மானம் பூட்ச்சு! உன் தம்பி வரட்டும், வச்சிக்கிறேன்" என்று கத்தினார்கள். நீங்கள் வரும்போது பின்வாசல் வழியாக வருவது நல்லது.

குழல் ஆறினதும் பாய் ஊதிப் பார்த்தார். அப்பா ஊதிப் பார்த்தார்கள். அப்பாவுக்குக் கண் வெளியே வந்தது, சத்தம் வரவில்லை. ஈயம் முதல் வளைவிலேயே உறைந்துவிட்டதாம். திரும்பச் சூடு காட்டினால் இறங்கி வந்துவிடும் என்று பாய் சொன்னார். காட்டினார். ஈயம் வரவில்லை. பற்றவைத்து ஒட்டியிருந்த இடமெல்லாம் விட்டுப்போய், குழல்தான் மூன்று துண்டாகக் கழன்று வந்தது. பாய் நேர்மையானவர். "ஒண்ணா குட்தீங்க, மூணா வாங்கிக்கோங்க. கூலி ஒண்ணுக்குத் தந்தா போதும்" என்றார். அப்போதுதான் அப்பா என் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு, "எல்லாம் இந்தப் படிப்பால வந்த வினை" என்று கடைக்குப் போனார்கள்.

துண்டுகளைக் கயிற்றால் கட்டிக் கருப்பட்டிச் சாக்கில் வைத்திருக்கிறோம். மாமா, எனக்குக் குழலைப் பற்றி எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அடுத்த வருஷம் நான் எட்டாவது. எங்கள் டீச்சர் மாதிரி ஆக வேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். அப்பாவுக்குத் தயவுசெய்து எழுதுங்கள். உங்களுக்கு அமையப்போகிற அத்தைக்கும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் என் வணக்கம். கர்த்தர் உங்களுக்கு நல்ல சுவாசம் தருவாராக.

இப்படிக்கு,
கீழ்ப்படிந்த மருமகள்,
ஐரீன்

பின்குறிப்பு: மாமா, அம்மா எழுந்துவிட்டார்கள். என்ன எழுதுகிறாய், வாசி என்றார்கள். முழுவதும் வாசித்தேன். கிழித்துப் போட்டுவிடட்டுமா என்று கேட்டதற்கு, "நல்ல தாளுட்டி, அடியில எடமிருக்குல்லா, அதுல எழுது" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார்கள். அம்மா சொல்வது: தம்பி, மேலே கண்டது ஒன்றும் நடக்கவில்லை. சின்னப் பிள்ளை கனவு கண்டு எழுதிவிட்டாள். உன் குழலை நான் துணியால்தான் துடைத்தேன். அது நன்றாக இருக்கிறது. இருந்தாலும் வரும்போது அங்கே யாரிடமாவது ஒரு குழல் இரவல் வாங்கி வா.

இதற்குள் அப்பாவும் விழித்து, "நாளைக்கு அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, ரெண்டு பேரும் படுங்க" என்றார்கள். அம்மா சொன்னார்கள்: "போவா. இவ போகலன்னா என் தம்பிக்கு இம்புட்டு அழகா ஒரு பொய்ய யாரு எழுதுவா? நீரா?" அப்பா, "என்னமும் செய்யுங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

ஆகையால் மாமா, நீங்கள் அப்பாவுக்கு எழுத வேண்டாம். குழலுக்கு ஒன்றுமே ஆகவில்லை.