பிரேக் சாருக்கு மாடிப்படி

இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து, ஒரு கீறல்கூட விழாமல் பார்த்துக்கொண்ட மனிதர், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தன் தொப்பையால் ஒரு விபத்தை உண்டாக்கினார்.

அவரை எல்லோரும் பிரேக் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "பிரேக், பிரேக்" என்று சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்ட பெயர். அன்றைக்கு ஓட்டியவர் ஒரு பேக்கரிக்காரர். மூன்று முறை லைசென்ஸ் தேர்வில் தோற்றவர். அந்த வருத்தத்தை மறைக்க தினமும் சாருக்கு நான்கு கிரீம் பன் கொண்டுவருவார். சாரும் அந்த வருத்தத்தில் முழுமையாகப் பங்கெடுத்துக்கொள்வார்.

மேட்டில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுக்கச் சொன்னார் சார். பேக்கரிக்காரர் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல், சொல்லிக்கொடுத்தபடியே, கையால் துழாவி, கிடைத்ததைப் பிடித்துப் பலமாக இழுத்தார். கிடைத்தது சாருடைய இடுப்புச் சதை.

சாரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆனால் அந்த வலியில் கால் இரண்டும் மேலே போய்விட்டன. வண்டி பின்னால் உருண்டு ஒரு குப்பைத்தொட்டியில் போய்ச் சாய்ந்து நின்றது.

"மன்னிச்சுக்குங்க சார். ஹேண்ட் பிரேக்குன்னு நினைச்சேன்."

"சரி, விடுங்க. நிஜ ஹேண்ட் பிரேக் எங்கே?"

"உங்களுக்கு அடியில சார்."

அந்த வாரமே இன்னொரு இடி. பயிற்சியாளர் உரிமத்தைப் புதுப்பிக்க டாக்டரிடம் உடல்தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைச் சாரின் கையில் சுற்றினார், பார்த்தார், மறுபடியும் சுற்றினார், பேனாவை மூடிச் சட்டைப்பைக்குள் செருகிவிட்டார்.

"மூணு மாசம் டைம் தர்றேன். பிரஷர் இறங்கணும். எட்டு கிலோவாவது குறையணும். இல்லேன்னா என் கையெழுத்து கிடையாது."

சாருக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். நாற்பத்தொன்பது வயதில் வேறு என்னத்தைப் போய்க் கற்றுக்கொள்வது? வீட்டுக்கு வரும்போதே பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தீர்மானம் செய்தார். லிஃப்டில் ஐந்தாவது மாடிக்கு வந்து, செருப்பைக் கழற்றும் முன்னரே அதை அறிவித்தார்.

"நாளைலேர்ந்து நான் வேற மனுஷன். காலைல ஆறு மணிக்கு நடை."

அவருடைய மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். சாப்பாட்டு மேஜையில் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சரிங்க."

"என்ன, வெறும் சரிங்கவா?"

"வேற என்ன சொல்லணும்?"

"நம்பிக்கை இல்லையா உனக்கு?"

"என் கிளாஸ்ல நாப்பது பிள்ளைங்க. நாப்பதும் நாளைக்கு வீட்டுப்பாடம் முடிச்சிட்டு வர்றேன்னு சொல்லிட்டுத்தான் போகுது. எல்லார்கிட்டயும் நான் சரின்னுதான் சொல்றேன்."

சாருக்குச் சுருக்கென்றது. அந்த வேகத்திலேயே போய் நீல நிறத்தில் ஒரு ஜோடி ஷூ வாங்கிவந்தார்.

முதல் நாள் மைதானத்தைச் சுற்றி இரண்டு சுற்று நடந்தார். இரண்டாம் நாள் ஒரு சுற்று. மூன்றாம் நாள் மைதானம் அங்கேயே இருக்கிறதா என்று எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பினார். நான்காம் நாள் அவருக்கு ஒரு நல்ல யோசனை தோன்றியது. கட்டடத்துக்குப் பின்பக்கம் மரத்தடியில் அவருடைய பயிற்சிக் கார் நிற்கும். சீட்டைச் சாய்த்தால் கட்டில் தோற்றுப்போகும். ஆறு மணிக்கு ஷூவைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். ஆறு ஐந்துக்குக் காருக்குள் படுப்பார். ஆறு முப்பத்தைந்துக்கு அலாரம். பாட்டில் தண்ணீரை நெற்றியிலும் முதுகிலும் தெளித்துக்கொள்வார். லிஃப்டில் ஏறி, வாசலில் நின்று இரண்டு முறை இரைப்பார்.

"ரொம்ப வேர்த்திருக்கே," என்பார் டீச்சர்.

"வேகமா நடந்தேன்."

"சரிங்க."

இரண்டு வாரம் கழித்து எடை பார்த்தார்கள். அரைக் கிலோ கூடியிருந்தது.

"தசை. நடந்தா தசை ஏறும்," என்றார் சார்.

"ஏறும் ஏறும்," என்றார் டீச்சர்.

அடுத்த திங்கட்கிழமை காலை, சார் காரிலிருந்து திரும்பி வந்தபோது லிஃப்ட் கெட்டுப்போயிருந்தது. கதவின் குறுக்கே ஒரு அட்டை தொங்கியது. 'லிஃப்ட் பழுது. படிகளைப் பயன்படுத்தவும்.' சார் அந்த அட்டை முன்னால் வெகுநேரம் நின்றார். இருபத்திரண்டு வருஷமாகப் பலகையைப் பார்த்தால் கேள்வி கேட்காமல் கீழ்ப்படிய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். கீழ்ப்படியில் நின்றார், கீழ்ப்படிந்தார்.

மொத்தம் தொண்ணூறு படி. பதினெட்டாவது படியில் அவருக்குத் தன் பெயர் ஞாபகம் இருந்தது. முப்பத்தாறில் அதுவும் சந்தேகமாகிவிட்டது. ஐம்பத்துநாலாவது படியில், மூன்றாம் மாடியில், அப்படியே உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அந்தக் காலையில் அவர் உழைத்து வாங்கியது அது ஒன்றுதான். அங்கே குடியிருக்கும் பல் டாக்டர் கதவைத் திறந்து வெளியே வந்தார், குனிந்து பார்த்தார்.

"அப்படியே வாயைத் திறந்து வைங்க சார். கீழ்வரிசைல ஒரு சொத்தை இருக்கு."

ஒருவழியாக ஐந்தாம் மாடியைத் தொட்டு, வீட்டுக்குள் போய்ச் சோபாவில் சரிந்தார். முதல் முறையாக நிஜ வேர்வை.

"குடியிருப்போர் சங்கத்துக்கு செக்ரட்டரின்னு ஒருத்தர் இருக்கணுமே. யார் அது?"

"நான்தான்," என்றார் டீச்சர்.

"அது தெரியும். லிஃப்ட் எப்போ சரியாகும்னு செக்ரட்டரியைக் கேக்கறேன்."

"ஏதோ ஒரு பாகம் வரணுமாம். எழுதிப் போட்டிருக்கோம்."

"எங்கேருந்து வரணும்?"

"தூரத்துலேருந்து."

"எவ்வளவு தூரம்?"

"நீங்க தினம் நடக்கறீங்களே, அதைவிட ரொம்பத் தூரம்."

சார் எழுந்து குளிக்கப் போனார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. மற்றவர்களுக்கு வேலையில் பயணப்படி, பஞ்சப்படி எல்லாம் உண்டு. சாருக்கு மாடிப்படி. காலையில் தூங்கப் போய் வந்தால் தொண்ணூறு. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் தொண்ணூறு. அதோடு விட்டதா? அவர் மேலே வந்து சட்டைப் பொத்தானில் கை வைக்கும் நேரம் பார்த்துத்தான் டீச்சருக்கு ஞாபகசக்தி வரும்.

"என்னங்க, வெங்காயம் தீர்ந்துபோச்சு."

"கீழே இருக்கறப்போ போன்ல சொல்லக்கூடாதா?"

"கீழே இருக்கறப்போ வெங்காயம் இருந்துச்சே."

டீச்சரைக் குறை சொல்லவும் வழியில்லை. அவர் அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்தே லிஃப்டில் ஏறியதில்லை. இரண்டு கையிலும் நோட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு படியில்தான் வருவார்.

ஒரு மாதம் போனது. ஒருநாள் சார் மூன்றாம் மாடியில் உட்கார மறந்துபோனார். நான்காம் மாடி வந்த பிறகுதான் அது உறைத்தது. திரும்பிப் போய் உட்காரலாமா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு, பாதகமில்லை என்று மேலே ஏறினார். இன்னொரு நாள் பேக்கரிக்காரர் பன் பொட்டலத்தை நீட்டியபோது, அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தார். இதையும் தூக்கிக்கொண்டுதானே தொண்ணூறு படி ஏற வேண்டும், வயிற்றுக்குள் வைத்தாலும் கனம் கனம்தானே என்று தோன்றியது. திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"கோபமா சார்?" பேக்கரிக்காரர் பயந்துவிட்டார்.

"இல்லைங்க. இனிமே வண்டியை ஒழுங்கா ஓட்டுங்க. எனக்கு அது போதும்."

ஓட்டவும் செய்தார். கை வைத்த இடத்தில் ஹேண்ட் பிரேக் இருந்தது பாதிக் காரணம்.

அதற்கடுத்த வாரம் ஒரு காலையில், காருக்குள் படுத்த சாருக்குத் தூக்கம் வரவில்லை. புரண்டு பார்த்தார். கால் இரண்டும் சும்மா இருக்க மாட்டோம் என்றன. இறங்கி மைதானம் வரைக்கும் போனார். புல் நனைந்திருந்தது. ஒரு சுற்று நடந்தார். இன்னொரு சுற்று நடந்தால் என்ன என்று தோன்றியது. நான்கு சுற்று முடித்து, வழிந்த வேர்வையைத் துடைத்தபோது, பாட்டிலில் தண்ணீர் நிறைய மிச்சமிருந்தது. அதை அவர் குடித்தார். அவ்வளவு ருசியான தண்ணீரை அவர் இதற்கு முன்னால் குடித்ததில்லை. அதற்குப் பிறகு காருக்குள் அவர் படுக்கவேயில்லை.

மூன்று மாதம் முடிந்த அன்று, காலை வகுப்புகளைத் தள்ளிவைத்துவிட்டு டாக்டரிடம் போனார். ஒன்பது கிலோ குறைந்திருந்தது. டாக்டர் பட்டையைச் சுற்றினார், பார்த்தார், மறுபடியும் சுற்றினார்.

"என்ன பண்ணினீங்க?"

"எங்க வீட்டு லிஃப்ட் கெட்டுப்போச்சு டாக்டர்."

டாக்டர் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

சான்றிதழைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பதினோரு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பினார் சார். இந்த நேரத்தில் அவர் வீட்டுக்கு வந்ததே கிடையாது. அன்று பள்ளிக்கு விடுமுறை, டீச்சர் வீட்டில்தான் இருப்பார். முதலில் அவரிடம் காட்ட வேண்டும். துள்ளிக்கொண்டு கட்டடத்துக்குள் நுழைந்தார். லிஃப்ட் கதவில் அட்டை இல்லை. கதவு திறந்தது. தண்ணீர் கேனோடு பல் டாக்டர் உள்ளே நுழைந்துகொண்டிருந்தார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த முறை வாயைத் திறந்து நின்றவர் பல் டாக்டர்.

"லிஃப்ட் எப்போ சரியாச்சு?" என்றார் சார்.

"அது வந்து… கெட்டாத்தானே சார் சரியாகறதுக்கு?"

சார் லிஃப்டுக்குள் கால் வைத்தார். உள்ளே சுவரில் கோடு போட்ட தாள் ஒன்று ஒட்டியிருந்தது. முத்து முத்தான கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் நாற்பது பிள்ளைகள் எழுதிப் பழகுகிறார்கள். 'கீழேயும் ஐந்தாம் மாடியிலும் அட்டை மாட்டும் நேரம்: காலை 5.55 முதல் 6.45 வரை, 8.25 முதல் 8.35 வரை, மாலை 6.10 முதல் 7.30 வரை. திங்கள்: முதல் மாடி. செவ்வாய்: இரண்டாம் மாடி. புதன்: பல் டாக்டர்…' அடியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'ஞாயிற்றுக்கிழமை அவர் எப்போது கிளம்பினாலும் மிஸ்டு கால் தருகிறேன்.'

"இத்தனை நாளா மொத்தக் கட்டடமும் சேர்ந்து செஞ்சீங்களா?"

"டீச்சர் சொன்னா தட்ட முடியுமா சார்? என் பையனே அவங்க கிளாஸ்தான்," என்றார் பல் டாக்டர். "நீங்க ஒரு தடவை பட்டனை அமுக்கிப் பார்த்திருந்தாக்கூட நாங்க எல்லாரும் மாட்டியிருப்போம்."

சார் ஐந்தாம் மாடி வரைக்கும் லிஃப்டில் போனார். அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார்.

"இது என்ன?"

டீச்சர் பார்த்தார். "கால அட்டவணை."

"என்னை ஏமாத்தியிருக்கே."

"ஆமாங்க."

"கட்டின புருஷனை."

"பின்பக்கம் மரத்தடியில ஒரு காருக்குள்ளேருந்து தினம் காலைல குறட்டைச் சத்தம் வருதுன்னு ரெண்டாம் மாடிலேருந்து சங்கத்துக்குப் புகார் வந்துச்சு. செக்ரட்டரி நான்தானே. நடவடிக்கை எடுத்தேன்."

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வழக்கு இப்படித் திரும்பும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"அப்போ… உனக்கு முதல்லேருந்தே தெரியுமா?"

"ஷூ வாங்கி ரெண்டு வாரம் கழிச்சுப் பார்த்தேன். அடியில விலைச்சீட்டு அப்படியே ஒட்டியிருந்துச்சுங்க." டீச்சர் சிவப்புப் பேனாவை மூடினார். குரல் கொஞ்சம் இறங்கியது. "உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு வேற யார் இருக்கா? சண்டை போட்டா நீங்க நடக்க மாட்டீங்க. அதான். சர்டிஃபிகேட்டைக் காட்டுங்க."

சார் எடுத்துக் கொடுத்தார். டீச்சர் ஒவ்வொரு வரியாகப் படித்தார், இரண்டு முறை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கும்படி அதில் தூசு ஒன்றும் இல்லை. சாருக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

"அதெல்லாம் சரி. நடையை நான் விட மாட்டேன். ஆனா இந்தப் படிக்கட்டை இனிமே என் கால் தொடாது. ஆயுசுக்கும் லிஃப்ட்தான். இது உறுதி."

"சரிங்க. அப்படியே கீழே போய்ப் பால் வாங்கிட்டு வந்துடுங்க."

சார் நிமிர்ந்த நெஞ்சோடு லிஃப்டில் இறங்கினார். பாலை வாங்கிக்கொண்டு திரும்பும்போது போன் அடித்தது. பேக்கரிக்காரர். நான்காவது முறையாகத் தேர்வுக்குப் போனவர், வண்டியை ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கிவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. மேட்டில் எப்படி நிறுத்தினார், எந்தக் கியரில் எடுத்தார், அதிகாரி என்ன சொன்னார் என்று ஒன்றுவிடாமல் சார் கேட்டார். தானும் இரண்டு கதை சொன்னார். வாழ்த்தினார், கேலி செய்தார், வாய்விட்டுச் சிரித்தார். பேச்சு முடிந்து, போனைப் பையில் போட்டு, பாலை மனைவியிடம் நீட்டினார்.

டீச்சர், அவர் ஏறிவந்த படிக்கட்டையே பார்த்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

"லிஃப்ட் சௌகரியமா இருந்துச்சாங்க?"