மச்சான் நின்ற பக்கம்

ஒரு காட்டில் மழைக்கு நனையாத வளை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது யாருக்கு என்று முடிவு பண்ண வருஷா வருஷம் புல்வெளியில் பந்து உருட்டுவார்கள். நடுவில் ஒரு விளாங்காய். யார் பந்து அதை ஒட்டி நிற்கிறதோ, அவருக்கு வளை. காட்டில் பந்துக்கு எங்கே போவது? எறும்புத்தின்னிகள்தான் பந்து. தட்டினால் சுருண்டுகொள்வார்கள், உருட்டினால் போவார்கள். தங்கமான மனுஷர்கள்.

இந்த வருஷம் கடைசிப் போட்டி முயல் மாசிலாமணிக்கும் கீரி பொன்னுலிங்கத்துக்கும். மாசிலாமணியின் பெண்டாட்டிக்கு நிறைமாதம். தோற்றால் குட்டிகள் மழையில்தான் பிறக்கும். அந்தப் பயத்தில் பாவம் ஆறு மாதமாக விளாங்காய்களை மோதவிட்டு, எது எந்தப் பக்கம் விலகும் என்று படித்தான். நடுவில் இடித்தால் நேரே போகும். இடது ஓரத்தில் இடித்தால் வலப்பக்கம் ஒதுங்கும். முயல்தான், ஆனால் கணக்கில் புலி. கீரியோ அந்த ஆறு மாதமும் ஒரு கல்யாணம் விடாமல் போய்ச் சாப்பிட்டான்.

கீரி முதலில் இருளாண்டி என்ற எறும்புத்தின்னியை உருட்டினான். விளாங்காய்க்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அடுத்து குருந்தையனை உருட்டினான். அது எதற்கும் உதவாமல் வலப்பக்கம் நாலடி தள்ளிப்போய் நின்றது. முயலுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

முயல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தன் பந்தை உருட்டினான். படித்தது படித்தபடியே நடந்தது. பந்து இருளாண்டியின் இடது ஓரத்தில் மோதி, விளாங்காய் பக்கத்தில் நின்றது. இருளாண்டி வலப்பக்கம் உருண்டான். பாதி வழியில் நின்றுவிட்டான். எதிரே மச்சான் குருந்தையன். மகள் கல்யாணத்தில் இவனை முதல் பந்திக்குக் கூப்பிடாமல் விட்டவன்.

"அவன் இருக்கிற பக்கம் நான் போகமாட்டேன்" என்றான் இருளாண்டி, சுருண்ட வாக்கிலேயே. திரும்பி உருண்டு வந்து, முயலின் பந்தை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, விளாங்காயோடு ஒட்டிக்கொண்டான்.

முயல் அழுதுகொண்டே நடுவர் எருமையிடம் ஓடினான். எருமை மேல்முறையீட்டுப் படிவத்தை நீட்டினார். கோணம் எழுத அதில் இடமே இல்லை. இரண்டு பந்துக்கும் பேச்சுவார்த்தை உண்டா என்று மட்டும் கேட்டிருந்தது.

இந்த மச்சான் சண்டை உனக்கு எப்படித் தெரியும் என்று முயல் கீரியிடம் கேட்டான்.

"அந்தக் கல்யாணத்துக்கு உங்களுக்கும் பத்திரிகை வந்துச்சே. நீங்கதான் காய் உருட்டிக்கிட்டு இருந்தீங்க."

குட்டிகள் கொட்டும் மழையில் பிறந்தன. பெயர் வைக்கிற அன்று முயல் எல்லா எறும்புத்தின்னிகளையும் கூப்பிட்டு, எல்லோருக்கும் முதல் பந்தியே போட்டான்.

நீதி: கணக்குப் படிக்கிற நேரத்தில் கல்யாணத்துக்குப் போங்கள். யார் எந்தப் பக்கம் விலகுவார் என்பது அங்கே சாம்பாரோடு சேர்த்தே பரிமாறப்படும்.