செருப்புக்கடைக்காரரின் காலை நோட்டீஸில் போட்ட கதை

விளம்பரம் செய்வதில் எனக்குத் திறமை உண்டு என்று நான் நம்பியது மொத்தம் ஐந்து நாள். அந்த ஐந்து நாளில், என் கணவருக்குக் காலை எடுக்கப்போகிறார்கள் என்று தென்காசியில் பாதிப் பேர் முடிவுகட்டிவிட்டார்கள்.

நான் நர்ஸ். பதினாறு வருடம் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்துவிட்டு, கூட வேலை பார்த்த செல்வியைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாக ஒரு சேவை தொடங்கினேன். வீடு தேடிப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுவது, ஊசி போடுவது, படுக்கையில் இருப்பவர்களைக் கவனிப்பது. முதல் மாதம் வந்த அழைப்பு இரண்டே இரண்டு. அதில் ஒன்று, போன் வேலை செய்கிறதா என்று பார்க்க செல்வியின் அம்மா கூப்பிட்டது.

பழையபடி ஆஸ்பத்திரிக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது செல்விதான் வழி சொன்னாள். “யக்கா, வெறும் நோட்டீஸ்னா வடை எண்ணெயைத் துடைச்சுட்டுப் போட்டுருவாங்க. வீட்ல ஒட்டி வைக்கிற மாதிரி உபயோகமா ஒண்ணு சும்மா குடுப்போம். அடியில நம்ம நம்பர் இருக்கட்டும்.”

சர்க்கரை நோயாளிகள் தினமும் பாதத்தைச் சோதித்துக்கொள்ள ஒரே ஒரு பக்கம் தயாரித்தோம். கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள், விரலிடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள், செருப்பைத் தட்டிவிட்டுப் போடுங்கள். அவ்வளவுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு படம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று எனக்குத் தோன்றிவிட்டது.

நோயாளிகளின் காலைப் படமெடுத்துப் போடக் கூடாது. (கணவரின் காலைப் பற்றி எந்த நர்சிங் புத்தகத்திலும் ஒன்றும் சொல்லவில்லை.) ஞாயிறு மதியம் அவர் தூங்கும்போது அனுமதி கேட்டேன். “ம்” என்றார். தூக்கத்தில் அவர் எதற்கும் “ம்” என்பார். அயோடின் மருந்தையும் கொஞ்சம் ஜாமையும் குழைத்து, இடது கால் கட்டைவிரல் பக்கம் ஒரு புண் வரைந்தேன். பதினாறு வருட அனுபவத்தையும் அதில் இறக்கி, போனில் படமெடுத்தேன். மேலே தலைப்பு: “இந்தக் கால் தப்புமா?”

ஜெராக்ஸ் கடைக்காரர் பூ பார்டர் சும்மாவே போட்டுத் தருவதாகச் சொன்னார். வட்டத்துக்குள் கால், சுற்றிலும் பூ, எல்லாம் கறுப்பு வெள்ளையில். அது கண்ணீர் அஞ்சலிக்கு அவர் வழக்கமாகப் போடும் பார்டர் என்பது எனக்கு உறைக்கவில்லை. திங்கட்கிழமையே மருந்துக்கடை, மாவு மில், இலஞ்சி டீக்கடை என்று கொடுத்து முடித்தோம். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவர் மட்டும் மறுநாளே கட்டோடு திருப்பிக் கொடுத்தார். “இதப் பாத்துட்டு ஒருத்தனும் காலை நீட்ட மாட்டேங்கான் தாயி.”

நான் மறந்துபோன விஷயம் ஒன்று உண்டு. என் கணவர் செய்யது வைத்திருப்பது செருப்புக்கடை. எந்தச் செருப்பையும் தன் காலில் போட்டுக் காட்டித்தான் விற்பார். இந்த ஊரில் அவர் முகத்தைவிட அவர் காலைத்தான் நிறையப் பேருக்குத் தெரியும். போதாததற்கு, சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்.

செவ்வாய் முதல் கடைக்குச் சாத்துக்குடி வர ஆரம்பித்தது. வந்தவர்கள் யாரும் எதையும் நேராகக் கேட்கவில்லை. தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். நம்மேல் ஊருக்கு இவ்வளவு பாசமா என்று அவர் பூரித்துப்போயிருந்தார்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலிலிருந்து வந்தவர், அந்த நோட்டீஸை என் முன்னால் வைத்தார்.

“காலை எடுக்கப்போற ஒரு சகோதரருக்காக இன்னைக்கு துஆ கேட்டாங்க. பாவம் யாரோன்னு நானும் உருக்கமா ஆமீன் சொன்னேன். நிமிந்து பாத்தா அத்தனை பேரும் என்னையப் பாக்காங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் சவுதியிலிருந்து கொழுந்தன் போன். “மைனி, மறைக்காதீங்க. எந்த இடத்துல வெட்டுதாங்க? முட்டிக்குக் கீழயா, மேலயா?”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கணவர் சிரிக்கவில்லை. “நாலு நாளா ஒரு சோடி விக்கல பாத்திமா. என் முன்னால செருப்பு வாங்குனா என் மனசு சங்கடப்படுமாம். அதான் திரும்பிப் போயிருதாங்க.”

மறுநாள் காலையில், வருகிறவர்களிடம் உண்மையைச் சொல்ல நானே கடையில் போய் நின்றேன். முதலில் வந்தவர் அச்சன்புதூர் தேங்காய் வியாபாரி ஒருவர், அறுபது வயதிருக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மனச விட்டுராதீரும் பாய். இப்ப கட்டைக்காலெல்லாம் அசல் மாதிரியே வந்துட்டு.”

நான் அவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன். வாசலிலிருந்து அவர் நடந்து வந்த வழியெல்லாம், ஒரு அடி விட்டு ஒரு அடி, சிவப்பாக ஒரு பொட்டு.

“அண்ணாச்சி, அந்த வலது காலைக் கொஞ்சம் தூக்குங்க.”

குதிகாலில் ஒரு சின்ன ஆணி ஏறியிருந்தது. எப்போது குத்தியது என்று கேட்டேன்.

“குத்தவே இல்லியேம்மா,” என்றார். குனிந்து பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி போயிருந்தது அவருக்கே தெரியவில்லை.

காலை அப்படியே துணியால் சுற்றி டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் எழுதிக்கொடுத்தபடி ஆறு வாரம் நானும் செல்வியும் அச்சன்புதூர் போய்க் கட்டுப் போட்டோம். புண் ஆறியது. அண்ணாச்சி ஊர் ஊராகத் தேங்காய் எடுக்கப் போகிறவர். போன இடமெல்லாம் எங்கள் கதையைச் சொன்னார். அதன் பிறகு இன்றுவரை எங்கள் போன் சும்மா கிடந்ததில்லை.

நோட்டீஸைத் திருத்தி, காலைக் கோட்டுப் படமாக வரைந்து மறுபடி அச்சடித்தோம். கணவர் அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏன், என் காலுக்கு என்ன கொறச்சல்?” என்றார். நிஜமாகவே வருத்தம்!

எங்கள் வீட்டில் இப்போது யாரும் யாரிடமும் நலம் விசாரிப்பதில்லை. கொழுந்தன் தன் அண்ணனுக்குப் போன் செய்தாலும் ஸலாம் சொன்ன கையோடு, “காக்கா, கால் இருக்கா?” என்றுதான் ஆரம்பிக்கிறார்.

இவரும் சளைக்காமல் பதில் சொல்கிறார்: “ரெண்டும் இருக்கு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு உன் மைனி கம்பெனிக்கு.”