சொந்தமில்லாத ஒருவர் தேவை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மூவரும் நலம். உன் முழங்காலைத் தவிர அங்கேயும் எல்லாம் நலமென்று நம்புகிறேன். லீவுக்கு வந்தபோதெல்லாம் உன் மருமகள், அதாவது என் மகள், மொட்டைமாடியில் குவித்துவைத்த கற்களைப் பார்த்து உன் ஹவுஸ் ஓனர் இன்னும் பல்லைக் கடிப்பதாக எழுதியிருந்தாய். அந்தக் கல்லெல்லாம் இப்போது என் தலையில் விழுந்திருக்கிறது.

அவள் பாறைகளைப் பற்றித்தான் படிப்பாளாம். அந்தப் படிப்பு அரசுப் பல்கலைக்கழகத்தில் மட்டும்தான் இருக்கிறது. மார்க் இருக்கிறது, நுழைவுத் தேர்விலும் தேறிவிட்டாள், டீச்சரும் சான்று கொடுத்துவிட்டார். பாக்கி ஒரே ஒரு நிபந்தனை: அவளை நன்றாகத் தெரிந்த, ஆனால் எந்த உறவுமில்லாத ஒருவர் அவளைப் பற்றி ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். இதென்ன பிரமாதம் என்று மருந்துக்கடைக்காரரிடம் போனேன். மனுஷன் ஆசை ஆசையாக எழுதிவிட்டு, முடிவில் 'இப்படிக்கு, தாய்மாமன்' என்று போட்டுவைத்தார். உறவுக்காரர் கடிதம் செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். சரி என்று தையல்கடை அம்மாவிடம் கேட்டால், அவர் எடுத்த எடுப்பிலேயே 'என் மருமகளுக்கு அவசியம் சீட் கொடுக்கணும்' என்று ஆரம்பித்திருக்கிறார். அதுவும் போன வேகத்தில் திரும்பி வந்தது. கவுண்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, "சார், உங்க தெருவுல சொந்தமில்லாத ஆளே கிடையாதா?" என்று கேட்டார். என்ன சொல்வது? எதிரில் வந்தவரையெல்லாம் மாமா, அத்தை என்று கூப்பிட்டு வளர்ந்த பிள்ளை. அது கிடக்கட்டும், ஒருத்தரை நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகும் சொந்தமாகாமல் இருப்பது எப்படி? அந்தப் பல்கலைக்கழகத்துக்கே வெளிச்சம்.

யோசித்துப் பார்த்ததில் மிஞ்சியது ஒரே ஆள், பக்கத்து வீட்டு லாரி டிரைவர். சாக்கடைக் குழாய்ச் சண்டைக்குப் பிறகு அவருக்கும் எனக்கும் பேச்சே கிடையாது. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் தன் நாயிடம் சொல்வார். நான் என் ஸ்கூட்டரிடம் பதில் சொல்வேன். அவரிடம் போய்க் கேட்பதா, இருக்கிற பேரையும் கெடுத்து எழுதிவிடுவாரே என்று என் வீட்டுக்காரி ஒரே புலம்பல். உன் மருமகளோ செருப்பை மாட்டிக்கொண்டு நேராகப் போய்விட்டாள். நான் ஜன்னல் ஓரமாக நின்று ஒட்டுக்கேட்டேன். சிலபேருக்குக் காரியம் ஆகணும்னாத்தான் பக்கத்து வீடு கண்ணுக்குத் தெரியும் என்று முதலில் நாயிடம் சொன்னார். அதை எனக்கென்றே வாங்கிக்கொண்டேன். அப்புறம் குரல் இறங்கியது.

"உங்கப்பனுக்கும் எனக்கும் ஆகாது. அதுக்கு நீ என்னம்மா பண்ணுவ? உட்காரு, எழுதித் தர்றேன்."

'உன்னை எப்படி அவருக்குத் தெரியும்?' என்று பிறகு அவளிடம் கேட்டேன். அவர் லாரியோடு வெளியூர் போகும்போதெல்லாம் இவள்தான் சுவர் ஏறிக் குதித்து நாய்க்குச் சோறு வைத்திருக்கிறாளாம். எத்தனையோ வருஷமாக. நான் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியே வைத்திருந்ததால் ஒன்றும் பார்க்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது அக்கா.

அவர் ஒட்டித் தந்த உறையை அப்படியே பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். இனி சீட் நிச்சயம், நீ கவலைப்படாதே. அத்தானுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள், முழங்காலுக்கு ஓய்வு.

உன் தம்பி

பி.கு.: இதைத் தபாலில் போடக் கிளம்பும்போது பல்கலைக்கழகத்திலிருந்து போன். டிரைவர் கடிதமும் செல்லாதாம். கடைசி வரியில் 'இவள் என் மகள்' என்று எழுதியிருக்கிறாராம். மாற்றி வாங்கலாமென்று அவர் வீட்டுப் படியேறினேன். "மத்ததெல்லாம் மாத்தறேன். அந்த வரிய மட்டும் எடுக்க மாட்டேன்" என்றார், நாயைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. வற்புறுத்தாமல் படியிறங்கி வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை கடைசி நாள். எனக்குத் தெரிந்து அவளை நன்றாக அறிந்தும் ஒட்டாமல் இருக்கிற ஒரே மனிதர் உன் ஹவுஸ் ஓனர்தான். திட்டியே எழுதட்டும், அவளுக்குக் கல் பைத்தியம் என்று அவரைவிட யார் சொல்ல முடியும்? இது கைக்கு வந்ததும் ஓடிப்போய்க் கேள். தயவுசெய்து அவரிடம் அன்பாக மட்டும் பேசிவிடாதே.