ஜடாமுடிக்கு ஒரு தலை தேவை

"செத்த எலி மாதிரி இருக்குங்க," என்றாள் மனைவி, கேமராவில் விழுந்த படத்தைப் பார்த்து.

"எலிக்கு ஏது இத்தனை வால்?" என்றார் சூப்பரிண்டென்ட்.

வெள்ளைப் படுக்கைவிரிப்பின் மேல் கிடந்தது ஜடாமுடி. நைலான் இழையைச் சீப்பால் கலைத்து, உள்ளங்கையில் புரிபுரியாக உருட்டி, ஆவியில் காட்டி இறுக்கி, இடுப்பொடிய உட்கார்ந்து அவளே செய்தது. நாடகங்களுக்கு வேஷச் சாமான் விற்கும் கடைக்காரி, "நல்லதா ஒரு படம் அனுப்புங்க, இன்னிக்கே எங்க பேஜ்ல போட்டுடறேன்" என்று சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாய் அந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்காததற்கு அதுதான் காரணம்.

படமெடுப்பதில் சூப்பரிண்டென்ட் தன்னைப் பெரிய புலி என்று நினைத்துக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் யாருக்குப் பிரிவுபசாரம் நடந்தாலும் கேமரா அவர் கையில்தான். கலை ஆர்வம் எல்லாம் ஒரு மண்ணும் கிடையாது. படமெடுக்கிறவன் படத்தில் விழமாட்டான், அவ்வளவுதான். ஏனென்றால் அவர் தலையில் இருந்தது விக். வேலைக்குச் சேர்ந்த நாள் முதலாக அந்த ரகசியத்தை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றி வந்தார். அது வெளியே தெரிந்துவிட்டால், அப்புறம் அவர் அதட்டலுக்கு எவன் பயப்படுவான்? வீட்டில் இருக்கும்போது மட்டும் விக், ஃப்ரிட்ஜ் மேல் கவிழ்த்துவைத்த பாத்திரத்தின் தலையில் இளைப்பாறும்.

"பின்னணிதான் தப்பு. கறுப்புத் துணி கொண்டா."

கறுப்பில் கறுப்பு கரைந்துபோயிற்று. புரிகளின் நுனியில் கோத்திருந்த மணிகள் மட்டும் அந்தரத்தில் தொங்கின.

"முடி எங்கேங்க?"

"அதைப் பார்க்கிறவங்க கற்பனை பண்ணிக்கணும். அதுதான் கலை."

"கற்பனை பண்ணிக்கவா நான் ராப்பகலா உருட்டினேன்?"

சரி, தொங்கவிட்டால் நீளம் தெரியும் என்று வாசல் கதவு ஆணியில் மாட்டினார். கேமராவைத் தூக்குவதற்குள் எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்தாள்.

"புதுசா வாங்கினீங்களா? மூலைமுடுக்கெல்லாம் நல்லாத் துடைக்குமா?"

மனைவி கதவை அறைந்து சாத்திய வேகத்தில் ஜடாமுடி பொத்தென்று கீழே விழுந்தது.

"பளபளப்பு பத்தல. அதான் அவங்களுக்குப் புரியல," என்று சூப்பரிண்டென்ட் மேஜை விளக்கைக் கொண்டுவந்து முடிக்குப் பக்கத்தில் வைத்தார். பளபளப்பு வந்தது. கூடவே ஒரு நாற்றமும் வந்தது.

"ஐயோ, உருகுதுங்க! நைலான்ங்க அது!"

இரண்டு புரிகள் ஒன்றோடொன்று கட்டிப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தன. வெட்டிப் பிரிக்கலாமே என்று அவர் கத்தரிக்கோலை எடுத்தார்.

"இன்னொரு யோசனை சொன்னீங்கன்னா, அடுத்து உங்களைத்தான் ஆவியில காட்டுவேன்."

சொல்லிவிட்டு, தரையில் உட்கார்ந்து அழுதேவிட்டாள். அவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டே அவள் சொன்னாள்: "தலை இல்லாமதாங்க இது இப்படிப் பொணமாட்டம் கிடக்குது. ஒரே ஒரு தலை இருந்தா..."

 அவள் பார்வை மெல்ல மேலே ஏறி, அவர் வழுக்கையில் போய் நின்றது.

"மாட்டேன். செத்தாலும் மாட்டேன்."

"முதுகுப் பக்கம் மட்டும்தாங்க. மூஞ்சியே தெரியாது. சத்தியமா!"

அழுத கண்ணோடு கேட்டால் என்ன செய்வது? ஒப்புக்கொண்டார். ஆனால் மொழுமொழுவென்ற தலையில் ஜடாமுடி நிற்காமல் வழுக்கியது. விக் ஒட்டும் டேப் சுருள் முழுவதையும் தியாகம் செய்தார்கள். நல்ல வெளிச்சம் விழும் இடம் என்று டிரெஸ்ஸிங் டேபிளைப் பார்க்க ஸ்டூல் போட்டு உட்காரவைத்தாள்.

எதிரே நிலைக்கண்ணாடி. சூப்பரிண்டென்ட் நிமிர்ந்து பார்த்தார். அடேயப்பா, யார் இந்த வீரன்? ஒரு புருவத்தை மட்டும் உயர்த்திப் பார்த்தார். அதுவும் எடுப்பாகத்தான் இருந்தது. பின்னால் ஒருத்தி கேமராவோடு நிற்பதையே மறந்துபோனார்.

படம் போய்ச் சேர்ந்த கையோடு கடைக்காரியிடமிருந்து பதில் வந்தது: "பிரமாதம்! இதே மாதிரி பத்து வேணும்." மனைவி குதித்த குதியில் ஃப்ரிட்ஜ் மேலிருந்த விக் கீழே விழுந்தது.

சாயங்காலம் சூப்பரிண்டென்ட் அலுவலகக் குரூப்பைத் திறந்தார். எந்தப் புண்ணியவானோ கடைக்காரியின் பேஜிலிருந்து படத்தை மட்டும் எடுத்து, ஒரு வார்த்தை எழுதாமல் அங்கே போட்டிருந்தான். முதுகு, தோளில் புரளும் ஜடாமுடி. கண்ணாடிக்குள், ஒரு புருவத்தை உயர்த்தியபடி, சாட்சாத் அவருடைய முகம்.

"என்னம்மா இது! மூஞ்சி தெரியாதுன்னியே!"

"நான் முடியைத்தாங்க பார்த்தேன். உங்க மூஞ்சியை யாரு பார்த்தா?"

அவருக்குத் தூக்கம் போயிற்று. ஜடாமுடி ஒட்டவைத்தது என்றால், தினமும் தலைவாரிக்கொண்டு வருவது எது என்று கேட்கமாட்டார்களா? எல்லாம் போயிற்று. இத்தனை வருஷ மரியாதையும் குட்டிச்சுவர்.

மறுநாள் விக்கை ஒட்டப் போனால் டேப் இல்லை. ஜடாமுடியிலிருந்து உரித்த ஒரு துண்டை முன்நெற்றியில் மட்டும் வைத்து அழுத்திக்கொண்டு, தலையை ஆட்டாமல் அலுவலகத்துக்குள் நுழைந்தார். பேச்சு சட்டென்று நின்றது. எல்லாக் கண்களும் அவர் தலைமேல்தான் இருந்தன. நாற்காலியில் உட்கார்ந்ததும் மேலே மின்விசிறி சுழல, விக்கின் பின்பக்கம் மூடி போல எழும்பி எழும்பி அமர்ந்தது.

"ஃபேனை நிறுத்துப்பா," என்றார் அட்டெண்டரிடம், ஈனஸ்வரத்தில்.

அட்டெண்டர் நிறுத்தவில்லை. பக்கத்தில் வந்து குனிந்தார்.

"இன்னும் எதுக்கு சார் கஷ்டப்படுறீங்க? அதான் படத்தைப் பார்த்துட்டோமே."

சூப்பரிண்டென்ட் கண்களை மூடிக்கொண்டார்.

"நீங்க விக் வைக்கிறது சேர்ந்த அன்னிக்கே எல்லாருக்கும் தெரியும் சார். வழுக்கை போலன்னு நெனச்சு நாங்களும் பாவப்பட்டுக் கேக்காம விட்டுட்டோம். உள்ளே இவ்வளவு முடியை வச்சுக்கிட்டு, மேலே எதுக்கு சார் விக்கு?"